கட்டைவிரலுக்குக் கீழே

திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை.
அன்றைக்குத்தான் எங்களை உள்ளே விட்டார்கள்:
ஈரம் அளக்கும் கருவியோடு என்னை,
ஓர் உளிகூட இல்லாமல் பத்ரமான் சில்பகாரை.
நேபாளத்துப் பாடனிலிருந்து வந்தவர்.
தக்கலை பஸ் ஸ்டாண்டில்
ரசவடையை மூன்று தரம் கேட்டு வாங்கியவர்.

மண் தமிழ்நாட்டுக்கு, மரம் கேரளத்துக்கு
என்று விளக்கினார் காவலர் மோகனச்சந்திரன்.
"அப்போ ஒழுகுற மழை?" என்றேன்.
சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டார்.

உப்பரிகை மாளிகை.
அடியில் கருவூலம், மேலே மன்னன் படுக்கை,
அதற்கும் மேல் அவன் நோன்பிருந்த அறை,
உச்சியில் தெய்வத்துக்கு ஒரு கட்டில்.
நிலைகள் எல்லாம் தலையைக் குனியச் சொன்னன.
நான் இரண்டு தடவை இடித்தேன்.
அவர் இடிக்கவே இல்லை;
அவர் ஊர்க் கதவுகளும்
இதே உயரத்தில்தான் மரியாதை கேட்குமாம்.

என் கருவி: பன்னிரண்டு, பதினான்கு, பதினொன்று.
அவர் கருவி: நடுவிரல் மூட்டு.
தட்டுவார். காதை வைப்பார்.
"தேக்கு" என்பேன். "பிலா." "ஈட்டி." "அயினி."
திருப்பிச் சொல்வார். அயினி மட்டும்
அவர் வாயில் ஒரு பெண்பிள்ளையின் பேராகிவிட்டது.
மற்றபடி எங்கள் இருவரின் இந்தியும்
ஒரு கால் குறைந்த முக்காலி.

கூரைக்குக் கீழே நின்று வெகுநேரம் எதையோ தேடினார்.
சாய்கால் எங்கே?
சுவரிலிருந்து சரிந்தெழுந்து
இறவாரத்தைத் தாங்கும் கட்டை,
அதில் எட்டுக் கைகளோடு ஒரு தெய்வம்.
அவர் ஊரில் தெய்வங்களுக்கு அதுதான் வேலை.
போனில் காட்டினார், படத்தின் அடிப்பாகத்தைக்
கட்டைவிரலால் மூடிக்கொண்டு.
"விரலை எடுங்க."
எடுக்கவில்லை. அறுபது வயதில்
காது இப்படிச் சிவக்கும் என்று எனக்குத் தெரியாது.

இங்கே யார் தாங்குகிறார்கள்? கேட்டார்.
டார்ச்சை மேலே அடித்தேன்.
கழுக்கோல்கள் ஓடிவந்து கூடும் இடம்.
ஒன்று இன்னொன்றின்மேல் சாய,
அந்த இன்னொன்றும் சாய்ந்துதான் நிற்க,
எல்லாவற்றையும் ஊடுருவிப் போகும் ஒரே மரச்சட்டம்.
"இதுகளே ஒண்ணையொண்ணு" என்றேன்.
மேலே கையைக் காட்டிச் சிரித்தார்:
எங்க ஊரில் நிற்கிறார்,
உங்க ஊரில் படுத்திருக்கிறார்.

பிறகு அந்த ஏப்ரல் பகலைச் சொன்னார்.
குவளையில் தேநீர் ஆறும் முன்
ராஜாவின் கோயில் உட்கார்ந்துவிட்டது.
முற்றத்தில் சாய்கால்களுக்கு எண் போட்டு அடுக்கினார்களாம்,
கை ஒரு குவியல், முகம் ஒரு குவியல்.
முறிந்ததைவிடக் கழன்றது அதிகம்.
கழலத் தெரிந்த மரம்தான்
மறுபடி மாட்டிக்கொள்ளும் என்று
பத்து விரல்களையும் கோத்துப் பிரித்தார்.
வலது கட்டைவிரலில் பாதி நகம் இல்லை.

மூன்றாம் நிலை. வடமேற்கு மூலை.
உத்தரத்தின் அடிப்பக்கம், கும்மிருட்டு.
என் கருவி சட்டென்று இருபத்திரண்டு.
மல்லாந்து படுத்துக் கையை உள்ளே விட்டவர்
அப்படியே நிறுத்தினார்.
என் கையை இழுத்து அங்கே வைத்தார்.

தாமரை.
ஐந்து இதழ் முடிந்திருந்தது. ஆறாவது
வெறும் கீறல்.
யாரும் நிமிர்ந்தாலும் தெரியாத இடத்தில்
அரசன் கேட்காத ஒரு பூ, அரைகுறையாக.
சோற்றுக்குக் கூப்பிட்டார்களோ,
கூலித் தகராறோ,
அல்லது மேஸ்திரி வரும் செருப்புச் சத்தமோ.

அறிக்கையில் மூன்றே கட்டங்கள்:
பழுது, காரணம், பரிந்துரை.
பழுது என்று எழுதினால்
எவனாவது வந்து ஆறாவது இதழை முடித்துவைப்பான்.
எழுதினேன்: ஈரம் 22. ஓட்டை மாற்றவும்.
உத்தரத்தின் அடியைத் தொடவேண்டாம்.
காரணக் கட்டத்தில் ஒரு கோடு.

வேளிமலைப் பக்கமிருந்து மழை இறங்கிக்கொண்டிருந்தது,
எந்த மாநிலம் என்று கேட்காமல்.
"போட்டோ எடுத்தோ? காணட்டே" என்றார் மோகனச்சந்திரன்.
நீட்டினேன்.
"இங்ஙன அடியில எந்தா?"
"கறையாக்கும்" என்றேன்.
என் கட்டைவிரல் எங்கே இருந்தது என்பதை
பத்ரமான் மட்டும் பார்த்தார்.